பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்

மஸ்கட்

அன்பு அல்ஃபியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். அத்தாவுக்கு இருமல் நின்றதா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அது தெரியாமல், ஊருக்கு வந்ததும் நாம் வாங்கப்போகும் பைக்கை நான் முடிவு செய்ய முடியாது.

நமக்குப் பச்சமலை மண்பாதையும் ஏற வேண்டும், காஷ்மீர் வரைக்கும் போக வேண்டும். மலைக்கு எடை குறைந்த சின்ன பைக் நல்லது. நெடுந்தூரத்துக்குப் பெரியதுதான் சுகம். இங்கே நண்பர்களிடம் இரண்டுமே இருப்பதால் ஓட்டிப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் திருவானைக்காவல் ஜெயக்குமார் ஒரு விஷயத்தைப் பெரிதாக்கிச் சொல்வான், நம்பாதே. அவனை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் உன்னைப் போலவே பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தேன். கல்லும் மணலுமான பாதை. முதல் பள்ளத்திலேயே கீழே கிடந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"யாருடா இப்படி உக்காந்து மலையேறுவா?" என்றான்.

"எங்க வீட்ல ஏறுவாங்க" என்றேன்.

அதனால் நீ இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரப் பழகு. உன் தம்பி நவ்ஷாத்தின் ஸ்கூட்டரில் காந்தி மார்க்கெட் வரை போய் வா. சீட் உயரம் உனக்குச் சரிவருமா என்று பார்க்க, இடுப்பிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து அளந்து அனுப்பு. செருப்போடு அளக்காதே. லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பைக் யோசனையை விட்டால் எனக்கு வேறு துணை இல்லை.

டாக்ஸி வந்துவிட்டது, ஜெயக்குமார் அவசரப்படுத்துகிறான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரிய பைக்கில் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள நல்ல கம்பி இருக்கிறது. சின்னதில் என்னைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்னதையே எடுத்துவிடலாம்.

உன்
கலீம்