உன் சமையலறைத் தகரம்

என் ரோசாவுக்கு,

எழுத்து ஆடுகிறது, வரி கீழே சரிகிறது; பொறுத்துக்கொள். கிழவனான பிறகு பென்சில் பிடித்த கை. ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். லஸ் முனையில் கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு நடக்கிறேன், சனங்கள் சிரிக்கிறார்கள். உனக்கும் படிக்கத் தெரியாது. அங்கே யாராவது படித்துச் சொல்வார்கள், இல்லையா?

ரோசா, நம் சமையலறைப் புகைக்கூண்டைத் திறந்துவிட்டார்கள்.

நீ போன பிறகு நான் முன்னறைக்கு வந்துவிட்டேன். பின்பக்கத்தில் வீட்டுச் சொந்தக்காரன் சவரியின் மகள் பிலோமி கைக்குழந்தையோடு குடிவந்திருக்கிறாள். அவள் முதல் நாள் அடுப்பு மூட்டியதும் குழந்தை இருமியது. மறுநாளே சவரி கொத்தனாரை மேலே ஏற்றிவிட்டான். மறுநாளே!

சண்டைக் காலத்தில் ஏரோப்ளேன் வந்து குண்டு போடும், வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று அவன்தானே அதற்குத் தகரம் போட்டுப் பூசினான்? "சண்டை முடியட்டும் மச்சான், எடுத்துடறேன்" என்றான். சண்டை முடிந்தது, தகரம் அப்படியே இருந்தது. மாடிச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தான். புகை பட்டால் கறுத்துவிடுமாம். விறகு கிடைக்காமல் நீ மரத்தூள் அடுப்பில் பொங்கினாய். புகை போக வழியில்லாமல் உன்னையே சுற்றி நின்றது.

டாக்டர் உன் முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? "கண்ணுக்குத் தெரியற புகை கொஞ்சம்தான். தெரியாத தூள்தான் மார்ல போய்த் தங்குது. மருந்தைவிடக் காத்து முக்கியம்." அதைச் சவரியிடம் சொன்னேன். நாளைக்கு என்றான். நானே இடித்துவிடுகிறேன் என்று கடப்பாரையை எடுத்தேன். நீதான் கையைப் பிடித்தாய். "இன்னாய்யா அவசரம்? அண்ணன் சொல்லிகீதுல்ல, செய்யும்."

அண்ணன்! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அந்தப் புகையில் நின்று நீ வைத்த மீன் குழம்பில் முதல் கிண்ணம் அவனுக்குத்தான் போகும். சிறு வயதில் கோயில் மணிக்கயிற்றில் ஒன்றாகத் தொங்கியவர்கள் நாங்கள். அவனையா நான் சந்தேகப்படுவேன்?

பெயர்த்த தகரத்தை முற்றத்தில் போட்டார்கள். அடிப்பக்கம் முழுக்கக் கரி. தொட்டேன், மாவு போல விரலில் ஒட்டியது. தகரத்திலேயே இவ்வளவு என்றால் உனக்குள் எவ்வளவு போயிருக்கும்? அதே விரலால் அந்தக் கரியில் உன் பெயரை எழுதினேன். ரோசம்மா. ஒரு பிழை இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

சவரி வந்தான். "இன்னா மச்சான், கொயந்த மாதிரி கிறுக்கிக்கினு கீற? தள்ளு, பழைய இரும்புக்காரனாண்ட போடணும்." குனிந்தான், படித்தான். முகம் மாறியது. "அவளுக்கு ஆயுசு அவ்ளோதான் மச்சான். நாம இன்னா பண்ண முடியும்?"

பிலோமிதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கேட்டாள்: "என் புள்ள ஒரு தபா இருமினது உனுக்குக் கேட்டுச்சே நைனா, அத்தை அத்தினி நாள் இருமினது கேக்கலியா?"

அவன் திரும்பி மாடி ஏறிவிட்டான்.

இன்று பிலோமி சமைக்கும்போது உள்ளே போய் நின்றேன். புகை நேராக மேலே போகிறது. குழந்தை தூங்குகிறது. நன்றாக மூச்சு விட முடிகிறது, ரோசா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தகரத்தை மழை படாமல் என் வாசல் ஓரம் சாத்தி வைத்திருக்கிறேன். பூசைக்குப் போக அவன் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். "தப்பு பண்ணிட்டேன்" என்று உன் பெயரைப் பார்த்து அவன் சொல்லும்வரை அதை நான் எடுக்க மாட்டேன், இது சத்தியம். சொன்னானா, தலையைக் குனிந்துகொண்டு போனானா என்று வருகிற ஞாயிறு உனக்கு எழுதுகிறேன். அதற்குள் என் வரிகளும் கொஞ்சம் நேராகிவிடும்.

உன் புருஷன்,
சூசை