என் மகளை நல்ல பிள்ளையாக்கிய நடத்துநர் மீது புகார்

அனுப்புநர்:
கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடைக்காரன்,
சந்தை நிறுத்தத்துக்கு எதிரே.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துப் பணிமனை.

பொருள்: காலை எட்டு மணிப் பேருந்தின் நடத்துநர், என் நான்கு வயது மகளை என்னைக் கேட்காமல் நல்ல பிள்ளையாக்கிவிட்டது – தக்க நடவடிக்கை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பத்தாவது வரை படித்தவன். மனு எழுதிப் பழக்கமில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். புகாரில் பிழை இல்லை.

நான் கடை சாத்திவிட்டு வீடு சேரும்போது மகள் உறங்கியிருப்பாள். காலையில் குளிப்பாட்டி, ஊட்டி, தலை வாரி விடுவது அவள் அம்மா. கடைக்குப் பக்கத்திலுள்ள மழலையர் பள்ளியில் விடுவதற்காக உங்கள் பேருந்தில் நான் அவளை அழைத்துப் போகும் முக்கால் மணி நேரம்தான் எனக்கு வாய்த்த பங்கு. அந்தப் பங்கில் உங்கள் நடத்துநர் கை வைத்திருக்கிறார்.

என் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஏறினால் பேருந்துக்கே காய்ச்சல் வரும். முன் இருக்கையை உதைப்பாள். இருக்கை மேல் ஏறி நின்று, முன்னால் இருப்பவர் வழுக்கையில் தாளம் போடுவாள். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் நடைவழியில் மல்லாந்து படுத்துவிடுவாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். “என்னப்பா புள்ள வளத்திருக்க?” என்று என்னைக் கேட்காதவர் அந்தத் தடத்தில் குறைவு. ஆறடிக் கண்ணாடியைக் கீறல் விழாமல் மூன்று மாடி தூக்கிப் போகிற எனக்கு, மூன்றடிப் பெண்ணைத் தூக்கிப் போகத் தெரியவில்லை. மிரட்டினேன், கெஞ்சினேன், மிட்டாய் கொடுத்தேன். மிட்டாயைத் தின்றுவிட்டு உதைத்தாள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் அப்படிப் படுத்திருந்தபோது உங்கள் நடத்துநர் வந்தார். அதட்டவில்லை. குனிந்து, “மேடம், கொஞ்சம் உதவி வேணுமே. யாரு டிக்கெட் எடுத்தாங்க, யாரு எடுக்கலன்னு எனக்கு மறந்து மறந்து போகுது” என்றார். அவள் எழுந்தாள். கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று முதல் அந்தப் பேருந்துக்கு இரண்டு நடத்துநர்கள். வண்டி நிற்கும்போதெல்லாம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் “டிக்கெட் எடுத்தாச்சா?” என்கிறாள். அவர் விசில் அடித்த பிறகு “போலாம் ரைட்” சொல்வது அவள்தான். உதை இல்லை, அழுகை இல்லை. முன்பு தாளத்துக்குத் தலை கொடுத்த அதே வழுக்கைப் பெரியவர் இப்போது “தங்கமான புள்ள” என்கிறார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஐயா. நடத்துநரைப் பார்த்துச் சொல்கிறார்.

மகளுக்கு அவர் “விசில் மாமா”. என் மனைவிக்குக் கூடப் பிறந்தவர் எவருமில்லை. மச்சான் தொல்லை இல்லாத வீடாகப் பார்த்துப் பெண் எடுத்தேன் என்று கடையில் பெருமை பேசியவன் நான். உங்கள் பணிமனை எனக்கு ஒரு மச்சானை நியமித்திருக்கிறது, அதுவும் சீருடையோடு. பால் குடிக்க மறுத்தால் “விசில் மாமாகிட்ட சொல்லவா?” என்கிறாள் என் மனைவி. ஒரே மடக்கில் தம்ளர் காலி. “அப்பாகிட்ட சொல்லவா?” என்று அந்த வீட்டில் இதுவரை யாரும் யாரையும் மிரட்டியதில்லை. நானும் ஒரு விசில் வாங்கி ஊதிப் பார்த்தேன். “உனக்கு வராதுப்பா, விடு” என்றாள். பக்கத்து வீட்டு நாய் மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

போன வாரம் என் முன்னாலும் வந்து நின்றாள். டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டாள். “நான் உன் அப்பாடி” என்றேன். “அப்பான்னாலும் எடுக்கணும்” என்றாள். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு சிரிக்க முடியுமோ அவ்வளவு.

அவரை வேறு தடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கேட்க மனம் வரவில்லை. அவர் நல்ல மனிதர். மகள் இறங்கும்போது, “அப்பா கையப் புடிச்சுக்கிட்டு எறங்கணும் மேடம்” என்று தினமும் சொல்லி அனுப்புகிறவர். அவர் சொல்வதால் என் கையைப் பிடிக்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதுவரை பள்ளி இல்லாத ஞாயிறுகளில் இருந்த அவருடைய வார விடுப்பு இந்த வாரம் முதல் வியாழனுக்கு மாறி, நேற்று அவர் வரவில்லை. வந்தவர் வேறொருவர், பேசாத ஆள். மகளுக்குப் பதவி போயிற்று. பழையபடி உதைத்தாள், நடைவழியில் படுத்தாள். “ஒரு புள்ளய அடக்க முடியல, நீயெல்லாம் ஒரு தகப்பனா?” என்று ஓர் அம்மாள் கேட்டார். வாரித் தூக்கினேன். என் மூக்கிலேயே ஒன்று விட்டாள். அழுது ஓய்ந்தபின் அவளுக்குப் போக வேறு இடமில்லை. மடியில் ஏறி, என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அப்பா, இன்னைக்கு பஸ்ஸே நல்லால்ல” என்றாள். “ஆமாடா கண்ணு, நல்லாவே இல்ல” என்றேன். பொய். அதைவிட நல்ல பேருந்தில் நான் போனதே இல்லை. தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லாமல் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன்.

ஆகவே, மேற்படி நடத்துநருக்கு வாரத்தில் ஒரு நாளாக உள்ள விடுப்பை, சம்பளம் குறையாமல், இரண்டு நாளாக ஆக்கித் தருமாறு மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவருக்கும் வீடு வாசல், பிள்ளை குட்டி இருக்கும். மற்ற நாட்களில் என் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் பார்க்கட்டும், நான் குறுக்கே வர மாட்டேன். அந்த இரண்டு நாளும் பயணிகள் திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் உதைக்கட்டும், என் பக்கத்தில் உட்கார்ந்து உதைக்கட்டும்.

இடம்: என் கடை
நாள்: அவர் விடுப்பு முடிந்து திரும்பிய வெள்ளிக்கிழமை

ஆவன செய்வீர்கள் என்று காத்திருக்கும்,
(ஒப்பம்)
மேற்படி சிறுமியின் அப்பா