முன்னால் போகும் வண்டியின் மூன்று எழுத்து

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. மனைவிக்கு மருத்துவமனையில் காலை ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். இனிமேல் பாப்பாவைப் பள்ளியில் விடுவது என் பொறுப்பு. என் சர்வீஸ் வேனில், பின்னால் கேஸ் சிலிண்டரும் செப்புக் குழாயும் கடகடக்க, இருபத்தைந்து நிமிடப் பயணம். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்போது மட்டும், "தேங்க்ஸ் அங்கிள்." வாடகை வண்டிக்காரனிடம் சொல்வதுபோல அவ்வளவு மரியாதை. அவள் அம்மாவைக் கல்யாணம் செய்து நாலு மாதம் ஆகிறது. பதினோரு வயசுப் பிள்ளையின் மரியாதையைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறேனே!

ஜூன் 11, புதன்

ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுக்கிறாள். பாடமா, திட்டா? மனைவியிடம் கேட்டேன்.

அது ஒரு விளையாட்டாம். முன்னால் போகும் வண்டியின் நம்பர் பலகையில், இந்த ஊரில் மூன்று எழுத்து இருக்கிறதல்லவா, அந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் வேறு எழுத்துகள் வரலாம். பாப்பாவும் அவள் அப்பாவும் ஸ்கூட்டரில் போகும்போது விளையாடியது. அவர் போய் மூன்று வருடமாகிறது. இப்போது இவள் தனியாக விளையாடுகிறாள்.

"நீங்க அதுல தலையிடாதீங்க" என்றாள் மனைவி. சரி என்றேன்.

ஜூன் 16, திங்கள்

தலையிட்டுவிட்டேன்! சிக்னலில் ஒரு லாரி, R-F-G. என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஆனால் இந்த மூன்றைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது: refrigerator. பத்தொன்பது வருடமாகச் சோறு போடுகிற சொல் ஆயிற்றே.

பாப்பா விரல் விட்டு எண்ணினாள். "பன்னெண்டு எழுத்து" என்றாள், என்னைப் பார்த்து. இன்று மூன்று வீட்டு ஃபிரிட்ஜைப் பாட்டுப் பாடிக்கொண்டே சரிசெய்தேன்.

ஜூன் 18, புதன்

ஆசை யாரை விட்டது? எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களை அள்ளிக் கொட்டுகிற ஓர் இணையதளம் போனில் அகப்பட்டது. எங்கள் தெருவில் நிற்கிற வண்டிகள் எப்படியும் காலையில் எங்களோடுதான் கிளம்பும். நேற்றுச் சாயங்காலமே நோட்டம் விட்டு ஆறு நம்பரைக் குறித்து, ஆறு பெரிய சொற்களை மனப்பாடம் செய்துகொண்டேன்.

M-G-N வந்தது. "Magnanimous!" என்றேன், சாதாரணமாகச் சொல்வதுபோல.

"அப்படின்னா?"

"அதாவது... பெருசா இருக்கறது."

"என்ன பெருசா இருக்கறது?"

சிக்னல் பச்சையானது, பிழைத்தேன் என்று நினைத்தேன். இறங்கும்போது, "அர்த்தம் தெரியாத வார்த்தை செல்லாது, அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 19, வியாழன்

அதற்குப் பெருந்தன்மை என்று அர்த்தமாம். நன்றாக இருக்கிறது என் பெருந்தன்மை.

ஜூன் 24, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. L-T-N என்று ஒரு கார். தளமும் இல்லை, குறித்துவைத்ததும் இல்லை, நானே யோசித்து, "lantern" என்றேன்.

"அது எங்க அப்பாவோடது!" என்று கத்தினாள். "ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக் கூடாது. அது அப்பா சொன்னது, கரண்ட் போன அன்னிக்கு!" பிறகு தேம்பித் தேம்பி அழுகை. பள்ளி வாசலில் கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மனைவியிடம் சொன்னபோது அவளும் அழுதாள். அவர் சொன்ன சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்குமாம், ஒன்று விடாமல் பிள்ளைக்கு நினைவிருக்கிறதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன ஜோசியமா பாக்கறேன்? எது அவரோடது, எது யாருக்கும் இல்லாததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்ல நான் எதைத் தொட்டாலும் அது அவரோடதாத்தானே இருக்கு!

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். செத்துப்போன மனிதரோடு போய் மல்லுக்கு நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் பயமும் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை நான் யாரோவாகவே இருந்துவிடுவேனோ என்று.

ஜூன் 25, புதன்

பேச்சில்லை. முணுமுணுப்பும் இல்லை. அதையும் கெடுத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டு நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "பாப்பா, உங்கப்பா எதெல்லாம் சொன்னார்னு எனக்குத் தெரியாது. இனிமே உன்னைக் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். அவரோடதுன்னா விட்டுடறேன். நீ மட்டும் விளையாடறதை நிறுத்தாதே."

பாலம் தாண்டினோம், பெட்ரோல் பங்க் தாண்டினோம். முன்னால் ஒரு பால் வண்டி, T-M-S. நான் வாயைத் திறக்கவில்லை.

"Thermostat அப்பா சொன்னதில்ல" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி.

"உனக்கு எப்படி அந்த வார்த்தை?"

"பின்னாடி இருக்கற பெட்டியில எழுதியிருக்கே. நீங்க சொல்லிக்கோங்க."

சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

நேற்றிலிருந்து காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. மனைவி விடுப்பு எடுத்து, பாப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

நாலரை மணிக்குப் பாப்பா பையைக்கூடக் கழற்றாமல் நேரே என் கட்டிலருகே வந்து சட்டைக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலப் பேனாவில் மூன்று மூன்று எழுத்தாக ஒன்பது வரி.

"பஸ்லேர்ந்து பாத்து எழுதினேன். எல்லாம் உங்களுக்கு. படுத்துக்கிட்டே யோசிங்க." பிறகு ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "B-R-D-க்கு bread, board ரெண்டும் அப்பா சொல்லிட்டார். வேற கண்டுபிடிங்க. இந்தக் கடைசியில இருக்கறது எனக்கே தெரியல."

"மொதல்ல போய் கை கால் கழுவு!" என்று உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல்.

நான் இந்த நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். காய்ச்சலில் நாலு வரிதான் முடிந்தது, அதற்குள் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். அந்த ஒரு கையை மட்டும் தண்ணீர் படாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.