ஆறுக்குப் பதில் ஏழு

அஸ்தினாபுரம்,
ஜூலை 2004

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அத்தையும் சுகம்தானே? மெர்சிக்கு இருமல் விட்டதா? அம்மாவைத் தேடி அழுகிறாளா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து நடந்தது. என்னை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். காரணிப்படுத்தும் பாடம். x² + 5x + 6 என்று எழுத நினைத்தவள், பதற்றத்தில் ஆறுக்குப் பதில் ஏழு என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் சத்யப்ரியா என்ற பெண் எழுந்தாள்.

“மிஸ், பெருக்கினா ஏழு, கூட்டினா அஞ்சு வரணும். ஏழுக்கு ஒண்ணும் ஏழும்தான் இருக்கு. கூட்டினா எட்டாயிடுது. இது பிரியாது மிஸ்!”

அப்போதுதான் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். “ஆறுன்னு எழுத வந்து தப்பா எழுதிட்டேன். ஆனா நீ சொன்னது சரி. பிரியாத கணக்கும் உண்டு” என்றேன். வகுப்பே கைதட்டியது.

வெளியே வந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்தார். “அந்த ஏழாலதான் பிள்ளைங்க யோசிச்சாங்க கெசியா. உங்களை பர்மனென்ட் பண்ணிடலாம்.”

சந்தோஷம்தான் அத்தான். ஆனால் இனி நான் மார்த்தாண்டம் திரும்புவதை விட்டுவிட்டு, நீங்கள் இங்கே வருவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தண்ணி லாரி வந்துவிட்டது, குடத்தோடு ஓட வேண்டும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்துவிடுங்கள். மெர்சியின் கவுன் ஒன்றும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள்
கெசியா