நூற்றைம்பத்தோராவது ஆள்

சித்தூர்,
திங்கட்கிழமை

அன்புள்ள தேவசேனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நலமாக இருக்கிறோம், தினமும் காலையில் காப்பியை மோந்து பார்த்து வாசனை வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பிறகுதான் குடிக்கிறோம். நீ படிக்கப் போன பிஷ்கெக் குளிரில் உன் மூக்கும் நாக்கும் அப்படியே வேலை செய்யவேண்டும் என்று காணிப்பாக்கத்துப் பிள்ளையாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், எனக்கும் போனில் நாலு வாக்கியத்துக்கு மேல் வராது, அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பக்கம் மாறாமல் படி.

எட்டு மாதமாகப் போனிலேயே மருத்துவம் படிக்கிறேன், இன்னும் ஒரு நோயாளியின் கையைக்கூடத் தொடவில்லை, இப்படிப் படித்த டாக்டரிடம் நானே போகமாட்டேன், நிறுத்திவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று நீ போன மாதம் அனுப்பியதை உன் நைனா மூன்று தரம் படித்தார். கொரோனா கர்ஃப்யூவால் பஸ் பாதிதான் ஓடுகிறது, கண்டக்டருக்கு வீட்டில் என்ன வேலை, விசிலை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "வரட்டும், வந்து என்கூட ஏறி டிக்கெட்டு கிழிக்கட்டும், அதுலயாவது ஜனத்தைத் தொடலாம்" என்றார். கோபத்தில் சொன்னது, மனதில் வைத்துக்கொள்ளாதே. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்கு நான் இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. எங்கள் மருத்துவக் கல்லூரியில் போனில் பாடம் நடக்கிற அழகைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நான், நீ சொன்னது தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் உடற்கூறியல் துறைத் தலைவர் சலபதி சார் திருப்பதியில் தன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. பாடத்துக்கான இறந்தவர் உடல் இருப்பதோ சித்தூர்ப் பக்கம் கல்லூரிக் கூடத்தில். ஆகையால் குரல் திருப்பதியிலிருந்து வரவேண்டும், கை சித்தூரில் காட்டவேண்டும் என்று ஏற்பாடு. பதினாறு வருடமாக டியூட்டராக ஒரு மேஜையைச் சுற்றிப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், மேடை ஏறாதவள், எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியும் இன்னும் நான்கு பேர் நடுவில் வாய் திறக்காதவள், அதனால் கைக்கு நான்தான் பொருத்தம் என்று சார் தேர்ந்தெடுத்தார். அட்டெண்டர் முனிரத்தினம் என் போனை ஸ்டாண்டில் மாட்டி, முகம் தெரியாமல் முழங்கைக்குக் கீழே மட்டும் தெரிவதுபோல வைப்பார். பிள்ளைகள் எனக்குக் 'கை மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாரின் குரல் நாலைந்து விநாடி தாமதமாக வந்து சேரும், அவரோ இருபது வருடத்து நோட்டைப் பார்த்துப் படிப்பவர், என் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நான் இரைப்பையைக் காட்டி முடித்து மண்ணீரலுக்குப் போன பிறகு இரைப்பை பற்றிய பேச்சு வந்து சேரும். தேர்வில் நாற்பத்தோரு பேர் மண்ணீரல் ஜே எழுத்து வடிவில் இருக்கும், சோறு அதில்தான் செரிக்கும் என்று எழுதினார்கள். இத்தனை பேரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று சார் முழு மார்க் போட்டார். வகுப்பு தொடங்கும்போது நூற்றைம்பது பேரும் உள்ளே வருவார்கள், வருகை பதிந்ததும் கேமராவை அணைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். சூளூர்பேட்டைப் பையன் ஒருவனுக்கு ஏரியில் படகில் உட்கார்ந்தால்தான் டவர் கிடைக்கிறதாம், ஒருநாள் அவன் மைக்கை மூட மறந்ததில் நுரையீரல் பாடம் முழுவதும் இறால் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தோம். தினமும் தவறாமல் வந்து கடைசிவரை இருப்பவர் மேஜையில் படுத்திருக்கும் அந்த மனிதர் ஒருவர்தான்.

இதற்கு நடுவே நான் ஒரு தப்பு செய்தேன், உனக்குத் தெரிந்ததுதான். துறை குரூப்பில் போடவேண்டிய, தினமும் மாறாத வகுப்பு லிங்கை நம் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். நகரியில் தறி ஓட்டும் உன் வேங்கடாசலம் மாமா சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அதை அமுக்கியிருக்கிறார், நாலு நாள் கறி பக்கமே போகவில்லையாம், தறிச் சத்தம் கேட்டாலும் குமட்டுகிறது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் உடனே அழித்துவிட்டேன், எல்லாரும் மறந்தும்விட்டார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் வருகைப் பட்டியலைச் சரிபார்க்கும்போது உன் நைனா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். தலை எண்ணுவது அவருக்குப் பழகிப்போனது. "இன்னாமே இது, பசங்க நூத்தம்பதுன்ற, இங்க நூத்தம்பத்தொன்னு கீது, டிக்கெட்டு இல்லாம ஒருத்தன் ஏறிக்கினு வரான் பாரு" என்றார். எண்ணிப் பார்த்தேன், என்னையும் சாரையும் சேர்க்காமலே ஒரு பெயர் அதிகம். 'கெஸ்ட்' என்று மட்டும் இருந்தது. முகம் இல்லை, குரல் இல்லை, ஆனால் தினமும் ஐந்து நிமிடம் முன்னால் வந்து கடைசியில்தான் வெளியே போயிருந்தது. புத்தியில்லாமல் இதைச் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அம்மா கலைவாணி, கடைசிவரைக்கும் இருக்கறான் என்றால் ஸ்டூடண்ட் இல்லை, அது காலேஜைச் சோதிக்கிற டில்லி இன்ஸ்பெக்டர்தான், யாருக்கும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு பிரின்சிபாலுக்குச் சொன்னார், அவர் எல்லாருக்கும் சொன்னார்.

எங்கள் கல்லூரியில் ஆய்வு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கட்டில் காலியாக இருக்கக்கூடாது என்று கங்காதர நெல்லூரிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டிவந்து படுக்கவைத்த அன்று, குழந்தைகள் வார்டில் ஆள் குறைகிறது என்று ஆறு வயதில் உன்னையும் படுக்கவைத்தார்களே, ஜுரமா பாப்பா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, இல்லை, பிரெட் கொடுத்தார்கள் என்று சொன்னாயே, அதே கல்லூரிதான். இப்போது படுக்கவைக்க ஆளைக் கூட்டிவர முடியாது, அதனால் கேமராவுக்குள் தெரிகிற நாலடி இடத்துக்கு மட்டும் வெள்ளையடித்தார்கள். மேஜைக்குப் புதுத் துணி வந்தது. பூத்தொட்டி ஒன்று வைத்து, பிறகு யாரோ எடுத்துரைத்து எடுத்துவிட்டார்கள். சார் வீட்டில் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ரெஸ்பெக்டட் சர் என்று நிறுத்தி மரியாதை செய்ததில் என் கைக்கும் அவர் குரலுக்கும் இருந்த தூரம் இன்னும் கூடிவிட்டது. கையில் வளையல், மோதிரம், கயிறு எதுவும் இருக்கக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அவ்வளவு பேரும் இப்படி ஓடியது ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு பெயருக்காக.

போன வியாழக்கிழமை முன்கைப் பாடம். பிரின்சிபாலே இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, உடலைப் பதப்படுத்தும் பார்மலின் நெடியில் கண்ணீர் வழிய, ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்து நின்றார். சார் வணக்கம் சொல்லி முடித்ததும் திருப்பதியில் மழை பிடித்து அவர் இணைப்பு அறுந்தது. கெஸ்ட் மட்டும் அப்படியே இருந்தது. நான் கையை நீட்டியபடி குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். பிரின்சிபால் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாட்லாடம்மா, பேசு, வாயில வந்ததைப் பேசு" என்று கிசுகிசுத்தார். மேஜையில் படுத்திருந்த அந்த மனிதரின் கையைப் பார்த்தேன். பிறகு எப்படியோ ஆரம்பித்தேன், இவர் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் உள்ளங்கையில் இந்தக் காய்ப்பைப் பாருங்கள், நெடுநாள் மண்வெட்டி பிடித்தவராக இருக்கவேண்டும், நரம்பைத் தேடுவதற்கு முன்னால் கையைப் பாருங்கள் என்றேன். அதற்கப்புறம் நாற்பது நிமிடம் போனது தெரியவில்லை. கையும் குரலும் ஒரே ஆளுடையதாக இருந்தால் எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. அணைத்து வைத்திருந்த கேமராக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, படகுப் பையன் சந்தேகம் கேட்டான். முடிக்கும்போது கெஸ்ட் முதல் தடவையாக ஒரு வரி எழுதியது, மேடம் கையில் கயிறு ஏன் இல்லை என்று. பிரின்சிபால் துள்ளிக் குதித்து என் போனுக்குக் குனிந்து, சர், தொற்றுத் தடுப்பு விதிப்படி எங்கள் ஊழியர் யாரும் கயிறு கட்டுவதில்லை சர் என்று சத்தமாகச் சொன்னார். கெஸ்ட் வெளியேறிவிட்டது. இன்ஸ்பெக்டர் எவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்கிறார் பாருங்கள், நாம் பாஸ் என்று சொல்லி எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நான் மட்டும் அதைத் தின்னாமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் காணிப்பாக்கத்தில் வாங்கி, நான் திரும்பி வரும்வரை கழட்டக்கூடாது என்று சொல்லிக் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு, தேவா. அதைத் தேட உலகத்தில் வேறு யாருக்கு வேலை. அழித்த லிங்கை நீ மட்டும் எடுத்து வைத்திருக்கிறாய். நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் நைனாவிடம் மட்டும் சொன்னேன், அவர் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்து, "நம்ம பொண்ணுன்னா டிக்கெட்டு வேணாம், ஸ்டாஃப் பாஸு கீது" என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். படிப்பை விடப்போகிறவள் எதற்காக மூன்று வாரம், உன் வகுப்புகள் போக, என் வகுப்பிலும் முதலில் வந்து கடைசியில் போனாய்? போனில் ஒன்றும் தெரியாது என்கிறாய், உள்ளங்கை அளவு திரையில் கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடத்தில் இருக்கவேண்டியது இல்லை என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? எங்கள் கல்லூரி மொத்தமும் உன்னைத் தேடியும் கண்டுபிடிக்கவில்லை, நீ என் மணிக்கட்டைக் கண்டுபிடித்தாய். தொட்டுப் பார்ப்பது பிறகு வரும் தேவா, கல்லூரிக் கதவு திறந்ததும் எல்லாரும் தொடத்தான் போகிறார்கள். பார்க்கிற கண் எல்லாருக்கும் வராது. கயிறு எங்கும் போகவில்லை, கேமரா எட்டாத இடமாக வலது கணுக்காலில் கட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. இன்ஸ்பெக்டருக்குப் பிடித்துவிட்டது என்று இனி வகுப்பை நானே எடுக்கவேண்டுமாம், சார் வணக்கம் மட்டும் சொல்வார். நீ நிறுத்திவிட்டு வந்தால் கெஸ்ட் வராது, என்னை மறுபடி கையாக்கிவிடுவார்கள், எங்கள் கல்லூரியும் வெள்ளையடிக்க ஆளில்லாமல் பாழாகிவிடும், யோசித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, நூடுல்ஸ் சாப்பாடு ஆகாது, ஈரத் தலையோடு ஹாஸ்டல் வராந்தாவில் நிற்காதே. ஆறு வயதில் எங்கள் கல்லூரிக்காக நோயாளியாக நடித்தாய், இப்போது இன்ஸ்பெக்டராகவும் நடித்துவிட்டாய். மிச்சம் இருப்பது டாக்டர் ஒன்றுதான், அதை மட்டும் நடிக்காமல் செய். பிள்ளையார் உன் கண்ணுக்கும் கைக்கும் துணை இருக்கட்டும்.

உன்னைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டுவிட்ட
அம்மா கலைவாணி