பதில் சொல்லக் கூடாத ஞாயிறுகள்

பிப்ரவரி 4, ஞாயிறு

சங்க விதிப்படி இன்று வாயைத் திறக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விதி இதுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, தலைவர் வீட்டு மாடி அறையில், வீட்டில் பதிவு செய்த பாட்டை ஒருவர் போடுவார். மற்றவர்கள் அவரவர் நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்பார்கள். எழுந்திருக்கக் கூடாது. முடிந்ததும் வயதுப்படி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பாட்டுக்காரர் அடுத்த மாதம்தான் பதில் சொல்லலாம். அடுத்த மாதம் எல்லாருக்கும் மறந்துவிடும். சட்டம் எழுதியவர் மூளைக்காரர்.

எழுதியவர் தலைவர். குடிநீர் வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், கிட்டார் வாசிக்கிறார். தேர்தல் நடந்ததாகத் தகவல் இல்லை. அடுத்தவர் தூண், ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், பாஸ் கிட்டார். அலமாரி ஓரமாகப் பேசாமல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். மூன்றாவது பல் டாக்டர், அவரும் கிட்டார்தான். மூவருக்கும் ராக் மட்டுமே இசை. அதுவும் அவர்களுக்குத் தலைமுடி இருந்த காலத்து ராக். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். லேப்டாப்பில் பாப் பாட்டு செய்கிறவள். நாற்பதைத் தொடப்போகிறேன், இங்கே நான்தான் இளைய தலைமுறை.

இன்று என் பாட்டு. ரெண்டரை நிமிஷம், நடுவில் கிட்டார் தனியாக வாசிக்கிற இடம் எதுவும் கிடையாது.

தலைவர்: "சோலோ எங்கம்மா?"

தூண்: "நல்லாருக்கு. ஆனா அடியில கிர்ர்னு ஏதோ அதிருது."

டாக்டர்: "குரல்ல மெஷின் ஏதோ போட்டிருக்கீங்க மேடம். அது நியாயமில்ல."

டாக்டரின் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற ஏழு பெட்டிகளுக்குள் நுழைந்து வளைந்துதான் வெளியே வருகிறது. அது உழைப்பு. என் குரல் ஒரே ஒரு பெட்டிக்குள் போய் வந்தால் மோசடி.

இதைத்தான் அங்கே சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 7, புதன்

கிர்ர். அன்று பதற்றத்தில் என் காதில் விழவே இல்லை. பஸ்ஸில் இயர்போனில் கேட்டேன், கடையில் கேட்டேன், குளியலறையில் கேட்டேன். இல்லை. ஆனால் ஞாயிறன்று மூவருமே தலையாட்டினார்கள். மூன்று பேர் காது பொய் சொல்லுமா? என்னுடைய ரெண்டுதான் சொல்லுமா?

பிப்ரவரி 16, வெள்ளி

உட்கார முடியவில்லை. வேலை செய்கிற ஸ்டூலிலும் சரி, வீட்டிலும் சரி.

கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாட்டைப் போட்டுக் காட்டினேன். "முடிஞ்சிருச்சா? ஆரம்பிச்சதே தெரியலையே" என்றார். குறை சொல்லவில்லை, தகவல் சொன்னார். நல்ல மனிதர். பாட்டு ஓடும்போதே செய்தியும் ஓட வேண்டும் அவருக்கு.

அதுதான் விஷயம். அந்த மூன்று பேரும் என்னைத் திட்டலாம், ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கேட்பதில்லை. மே மாதம் சங்கத்தின் தொகுப்பு வருகிறது, ஆளுக்கு ஒரு பாட்டு. மூன்று கையும் உயர்ந்தால்தான் உள்ளே. எனக்கு உள்ளே போக வேண்டும். இந்தப் பாட்டாகவே போக வேண்டும். ரெண்டும் சேர்ந்து நடக்குமா என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பாட்டின் பாஸை, அந்த அடிக்கனமான சத்தத்தை, குறைத்துவிட்டேன். பாதிக்குப் பாதி.

போன மாதமே டாக்டர் படியிறங்கும்போது ஆறுதல் சொல்லியிருந்தார்: "தூணுக்கும் ஆரம்பத்துல இதே கம்ப்ளெயின்ட்தான். பாஸக் குறைச்சாரு, சரியாப் போச்சு."

தொகுப்பு ஓட்டுக்காக இன்று மறுபடி என் பாட்டைப் போட்டார்கள். கிர்ர் இல்லை. பாட்டும் இல்லை. பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை விட்டுவிட்டுப் பஸ்ஸை மட்டும் எடுத்த மாதிரி என் குரல் தொங்கியது.

"இப்பத்தான் சுத்தமா இருக்கு" என்றார் தலைவர். மூன்று கையும் உயர்ந்தது.

ஏற்றுக்கொண்டார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். ரெண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

சந்தோஷமாக இருக்க வேண்டிய வாரம். இல்லை.

மார்ச் 23, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

தொகுப்புக்கான இறுதிப் பிரதியைக் கொடுக்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். "உட்காரும்மா, டீ போட்டுட்டு வரேன்" என்று கீழே இறங்கினார். அறையில் நான் மட்டும். சுவர் முழுக்க எதிரொலியைத் தடுக்க முட்டை அட்டை. அவரே வாங்கி, அவரே ஒட்டியது. ஆள் இல்லாத தைரியத்தில் பழைய பிரதியைப் போட்டேன், பாஸ் முழுசாக இருப்பதை.

கிர்ர்.

கூட்டம் இல்லையே, எழுந்திருக்கலாம். எழுந்தேன். ஸ்பீக்கர் பக்கம் போனால் சத்தம் குறைந்தது. ஜன்னல் பக்கம், இன்னும் குறைவு. தூணின் நாற்காலி பக்கம் போனால் காதிலேயே வண்டு. அலமாரியில் தலைவரின் இளமைக்கால பேண்ட் படம் சட்டம் போட்டு நிற்கிறது: தோள்வரை முடியோடு மூன்று பையன்கள், நடுவில் தலைவர், கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி எதிரியை நோக்கிப் பிடித்திருக்கிறார். அதன் கண்ணாடியில் விரலை வைத்தேன்.

சத்தம் நின்றுவிட்டது.

விரலை எடுத்தேன். கிர்ர்.

இத்தனை வருஷத்தில் பாட்டு ஓடும்போது யாரும் எழுந்து நடந்ததே இல்லை. விதி அப்படி. அவரவர் நாற்காலி, மூடிய கண். ஒரு தளர்ந்த கண்ணாடிக்குப் பயந்து ஒரு சங்கமே பாஸைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

தலைவர் டீயோடு வந்தார். குடித்தேன். "நல்லாருக்கு சார்" என்றேன். டீயைத்தான் சொன்னேன்.

மார்ச் 24, ஞாயிறு

சொல்லலாமா? "சார், உங்க ரூம் சரியில்ல" என்று எப்படிச் சொல்வது? ஒருவர் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர் இருபது வயதில் எடுத்த படத்தைக் காட்டி, குற்றவாளி இதுதான் என்றா? சொன்னால் அடுத்த மாதம் எனக்கு நாற்காலி இருக்குமா?

சொல்லாவிட்டால் செத்த பாட்டு என் பெயரில் தொகுப்பில் இருக்கும். அதுவாவது என் பிரச்சினை. தூண்? ஆரம்பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வந்த மனிதர்—

மார்ச் 28, வியாழன்

பஸ் நிறுத்தத்தில் தூண் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், முதல்ல சங்கத்துக்குக் கொண்டுவந்த பாட்டு இருக்கா? பாஸ் குறைக்கிறதுக்கு முன்னாடி இருந்தது."

"எதுக்கும்மா?"

"சும்மா கேக்கத்தான்."

"பீரோவுல இருக்கும்." கொஞ்சம் கழித்து: "அது நல்லா வரல. கை கனம் ஜாஸ்தின்னு சொன்னாங்க."

"நீங்க தலைவரோட பழைய பேண்ட்லயும் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

படத்தில் இவர் இல்லையே என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. ஏழாம் தேதி அவர் முறை, அந்தப் பழைய பாட்டையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். "வேணாம்" என்றார். ஏறும்போது "பாக்கறேன்" என்றார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கொண்டுவந்தார்.

பாட்டு தொடங்கியது. முதல் பாஸ் விழுந்ததும் கிர்ர். தலைவர் கண்ணை மூடியபடியே புருவத்தைச் சுருக்கினார். தூண் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தவிர அவர் மட்டும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

எழுந்தேன். அலமாரிக்குப் போய்ப் படத்தின் கண்ணாடிமேல் கையை வைத்தேன்.

அப்புறம் அந்த அறைக்குள் பாஸ் வந்தது. வேறெப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தரை வழியாக வந்தது.

"என்னம்மா, பாட்டு நடுவுல எழுந்து நிக்கிற?" தலைவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

என்ன சொல்வது என்று எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தேன். கையை எடுத்தேன், வைத்தேன். கடையில் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி தானாக வந்தது: "இது தெளிவா இருக்கா சார்? இல்ல, இதுவா?"

"ரெண்டாவது" என்றார் டாக்டர். என்னிடம் கண்ணாடி போட்டுக்கொண்டவர், பழக்கதோஷம்.

தலைவர் எழுந்து வந்தார். என் கையை விலக்கித் தன் கையை வைத்தார். எடுத்தார். வைத்தார். பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார், தன் மூக்குக்கு நேராகத் தன் இளமையை வைத்துக்கொண்டு.

தூண் சொன்னார்: "என் கைதான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

வயதுப்படி தலைவர்தான் முதலில் பேச வேண்டும். "இன்னிக்கு இது போதும்" என்று கீழே போய்விட்டார். டீ வரவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

என்ன அவசரம் எனக்கு? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல. பெரிய கண்டுபிடிப்பு. எல்லார் முன்னாடியும் அவர் மானத்தை வாங்கி— யாரு கேட்டா?

ஏப்ரல் 18, வியாழன்

போன் இல்லை. டாக்டரிடம் மட்டும் பேசினேன். தலைவர் யார் போனையும் எடுப்பதில்லையாம். "வாய திறக்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம் மேடம். அந்த ஆள் திறக்க மாட்டேங்குறாரு."

கணவர் இன்று டிவியை அணைத்துவிட்டு, "அந்தப் பாட்டைப் போடு பாக்கலாம்" என்றார். முழுசாகக் கேட்டார். "முன்னாடி வேற மாதிரி இருந்துச்சோ?" என்றார். செத்த பிரதியைத்தான் போட்டிருந்தேன். வித்தியாசம் தெரிந்திருக்கிறது மனுஷருக்கு. இதற்கு அழ வேண்டுமா என்ன? அழுதேன்.

ஏப்ரல் 27, சனி

தலைவர் கடைக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கல்லாமேல் வைத்தார்.

"உங்க கடையில பாட்டு கீட்டு போடுவாங்களா?"

"இல்ல சார். எழுத்துதான் படிப்பாங்க."

"அப்ப இது இங்க இருக்கட்டும். வீட்ல வெக்கிறதுக்கு வேற இடமில்ல."

படம். வீட்டில் அவருக்கு ஆறு அறை.

கிளம்பியவர் கதவருகில் நின்றார். "தொகுப்ப நிறுத்தி வெச்சிருக்கேன். எல்லாரும் மறுபடியும் பாஸ ஏத்திக் கொண்டு வரணும். நீ அந்தப் பழசையே கொண்டா."

"டாக்டர் ஒத்துக்கிட்டாரா சார்?"

"பாஸ்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்கு இந்த மாசந்தான் தெரிஞ்சுது."

மே 5, ஞாயிறு

அலமாரியில் படம் இருந்த இடத்தில் தூசி படாத சதுரம் ஒன்று. பழைய பிரதி. முழுசாக ஓடியது.

தலைவர்: "சோலோ எங்கம்மா?"

டாக்டர், முறை தவறி: "மெஷின் மெஷின்தான்."

தூண் கண்ணைத் திறக்கவே இல்லை. "இன்னொரு தடவ போடுங்க."

விதியில் அதற்கு இடமில்லை. தலைவர் விதியை எழுதியவர் என்ற முறையில் சற்று யோசித்தார். போட்டார்.

மூன்று கை.

மே 9, வியாழன்

படத்தைக் கடைச் சுவரில் மாட்டலாம் என்று எடுத்தேன். கண்ணாடி தளர்ந்தே இருந்தது. மூக்குக்கண்ணாடி திருகுகிற குட்டி ஸ்க்ரூடிரைவரால் பின்பலகையைக் கழற்றினேன்.

சட்டம் சின்னது, படம் பெரியது. ஒரு ஓரத்தை உள்ளே மடித்துவிட்டிருந்தார்கள். யார் மீதும் கோபத்தில் இல்லை, கடையில் அந்த அளவு சட்டம்தான் கிடைத்திருக்கும். யார் ஓரத்தில் நின்றாலும் மடிந்திருப்பார். பாஸ் வாசிக்கிறவர்கள் ஓரத்தில்தான் நிற்பார்கள்.

மடிப்பை நீவிவிட்டேன். உள்ளே தூண். மற்றவர்களைவிட நீளமான முடி. சிரிப்பு வேறு.

பெரிய சட்டம் போட்டு, பரிசோதனை நாற்காலிக்கு எதிரே மாட்டியாகிவிட்டது. மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். எழுத்தட்டையைப் படித்துப் படித்து மனப்பாடமாகிவிட்டது என்றார்.

"அப்ப அந்தப் படத்தப் பாருங்கய்யா. எத்தனை பேர் தெரியுறாங்க?"

"மூணு பேரு."

லென்சை மாற்றினேன். "இப்ப?"

"நாலு" என்றார். "ஓரத்துல ஒருத்தர் இருக்காரே."