வெயிலில் வைத்த பற்றரி

12.09.2004, ஞாயிறு

உழுந்து காயப்போட்டேன். பக்கத்து வீட்டுப் பாலன் வந்து எண்ணெய்ப் போத்தல் ஒன்று இரவல் வாங்கிப் போனார். வேறு புதினம் இல்லை.

கமராவை எடுத்துத் துடைத்தேன். என் மனுசனுடைய தம்பி சுமன் போன வருஷம் சுவிசிலிருந்து வந்து இவருக்கு விட்டுவிட்டுப் போனது. சாஜரை மட்டும் மறதியில் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். பற்றரி தீரும்வரை இவர் என்னைத்தான் எடுத்தார். கிணற்றடியில், குசினியில், மாட்டுக்குப் பின்னால். ஒரு தடவை அசைகிற படமும் எடுத்தார், அதில் கதைக்கிற குரலும் பதியுமாம். நான் நெல் புடைக்கிறேன், இவர் என்னவோ சொல்லிக் கூப்பிடுகிறார்.

போன ஐப்பசியில் வயலில் புடையன் பாம்பு கடித்து இவர் போய்விட்டார். முகம் நினைவிருக்கிறது. இருமல்கூட நினைவிருக்கிறது. கூப்பிடுகிற குரல்தான் வரமாட்டேன் என்கிறது. எப்படிக் கூப்பிடுவார்? அதையும் மறப்பாளா ஒரு மனுசி?

14.09.2004, செவ்வாய்

தர்மிளா செய்த வேலை. இவருடைய தங்கை. வருஷம் திரும்பி அண்ணனின் ஆட்டைத் திவசம் முடியட்டும் என்று கலியாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னோடு இருக்கிற பிள்ளை. நான் வயலுக்குப் போன நேரம் கமராவின் பற்றரியைக் கழற்றிக் கூரைத் தகரத்தில் வெயிலில் வைத்திருக்கிறாள்.

சண்டை நேரம், பொருள் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. றேடியோப் பற்றரி, ரோச் பற்றரி எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துத்தான் கொஞ்சம் உயிர் கொடுப்போம். அந்தப் பழக்கம்.

எடுத்துப் பார்த்தால் பப்படம் மாதிரி ஊதிக்கிடக்குது. கமராவுக்குள் போகாது.

"அண்ணான்ர குரலைக் கேக்கலாமெண்டுதான் அண்ணி..."

"அவரைக் கொன்றுபோட்டியேடி!"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா என்ர மனுசன் அதுக்குள்ள எல்லோ இருந்தவர். இனி எங்க போய்த் தேடுறது?

15.09.2004, புதன்

நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. மாடு மட்டும் சாப்பிட்டது.

19.09.2004, ஞாயிறு

சந்தியில் போய்ச் சுமனோடு போனில் கதைத்தேன்.

"ஐயோ அண்ணி, வேற கம்பனிப் பற்றரி ஒண்டும் போட்டுடாதேங்கோ. கமரா எரிஞ்சுபோடும். தை மாசம் இஞ்சயிருந்து ஒராள் வாறார், அசல் பற்றரியும் சாஜரும் குடுத்துவிடுறன்."

படமெல்லாம் அந்த ஊதின பற்றரியோடு போய்விட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். லைன் அறுந்துவிட்டது.

தர்மிளா இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு நழுவுகிறாள்.

22.09.2004, புதன்

கமராவையும் பற்றரியையும் கொண்டு வவுனியாவுக்குப் போய் வந்தேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறி. சந்தைப் பக்கம் பைறூஸ் நானாவின் கடை. முந்தி முல்லைத்தீவில் இருந்தவர். இவர் றேடியோ திருத்தக் கொடுக்கிறது அவரிடம்தான்.

ஊதின பற்றரியைக் கண்டதும் தள்ளி நின்றார். "என்ன தங்கச்சி, வடை சுட்டீங்களா?"

"வெயிலில வைச்சது நானா."

"இது ரோச் பற்றரி இல்ல. இதுக்கு வெயில் பகை. கமராக்குள்ள தள்ளிப் பாக்காம விட்டீங்களே, அது பெரிய காரியம்."

"உள்ளுக்கிருந்த படம்?"

"படம் கமராட வயித்துக்குள்ள. பற்றரி சோறு மாதிரி. ஒரு நேரச் சோறு பழுதானா ஆள் செத்துடுமா?"

கதிரையில் இருந்துவிட்டேன்.

அவர் வேறு ஒன்றை எடுத்து வைத்தார். "இது வேற கம்பனி. அசலெண்டு பொய் சொல்ல மாட்டன். வோல்ற் ரெண்டிலயும் ஒண்டுதான், வாயும் ஒண்டுதான். சாஜ் கெதியா இறங்கும். கை தாங்காத சூடு வந்தா உடன கழட்டுங்க."

"எரிஞ்சுதெண்டா?"

"படமும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

தை வரைக்கும் நான் பொறுப்பேன். தர்மிளா பொறுப்பாளா? அண்ணன்ர திவசத்திலயும் தலையைக் குனிஞ்சுகொண்டு நிப்பாளே.

"போடுங்கோ நானா."

எந்தப் பற்றரியையும் நண்டு மாதிரிக் கவ்வுகிற சாஜர் ஒன்றில் போட்டார். ஏறினதும் கமராவுக்குள் தள்ளிப் பொத்தானை அமத்தினார். வெளிச்சம் வந்தது. கையை நீட்டி நிற்பாட்டிவிட்டேன்.

"பாக்கலையா?"

"வீட்டில ஒராள் இருக்குது. அவள் இல்லாமல் பாக்க மாட்டன்."

சாஜரையும், அதை உழவு மெசின் பற்றரியில் கொளுவுகிற வயரையும் தந்தார். "சிவப்புச் சிவப்புக்கு. மாத்திக் கொளுவினா கதை முடிஞ்சுது" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

23.09.2004, வியாழன்

நேற்றுப் பொழுதுபட வந்து தர்மிளாவை மாட்டடியில் பிடித்து இருத்தினேன்.

"நீயே அமத்து."

"எனக்குப் பயமாக்கிடக்கு அண்ணி."

அவள் விரலைப் பிடித்து, அசைகிற படம் ஓட அமத்தினேன்.

"இஞ்சாருமப்பா! இஞ்ச பாரும். பல்லுத் தெரியட்டும். ஒரு பல்லெண்டாலும் காட்டுமன்!"

இஞ்சாருமப்பா. ஓம், அப்படித்தான். அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் சுளகிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி அவருக்கு எறிகிறேன். அவர் சிரிக்கிறது கேட்கிறது. எங்கேயோ பின்னால் ஒரு குரல்: "அண்ணா, ஓடுங்கோ, அண்ணி கமராவை உடைக்கப்போறா!" அது தர்மிளா. தானும் அதற்குள் இருப்பது அவளுக்கே நினைவில்லை.

எல்லாப் படத்திலும் நான்தான். அவர் முகம் ஒன்றிலும் இல்லை. இவ்வளவு நேரமுமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றவர்?

மூன்றாம் தரம் பார்க்கப் பற்றரி கொதித்தது. கழற்றி, ஆறும்வரை கையில் வைத்திருந்தேன்.

"அண்ணாவைக் கொன்றுபோட்டன் எண்டு சொன்னீங்கள்," என்றாள்.

"சொன்னனான்தான். இப்ப எழும்பிச் சாப்பிட வா."

21.10.2004, வியாழன்

திவசம் முடிந்தது. அடையாள அட்டைப் படத்துக்குத்தான் மாலை போட்டோம். வாழைக்காய்க் கறி அவருக்குப் பிடித்த உறைப்பில் வந்தது. தர்மிளா என் பக்கத்திலேயே நின்றாள்.

17.11.2004, புதன்

நாளைக்குத் தர்மிளாவுக்குக் கலியாணம்.

இவருடைய சித்தி மீனம்மா பின்னேரம் என்னைத் தனியே கூப்பிட்டார். "கமலாட்சி, குறை நினையாதை பிள்ளை. தாலி கட்டேக்க நீ குசினிக்க நில்லு. சனம் ஒரு கதை கதைக்கும்." நான் தலையாட்டினேன். எனக்கும் தெரிந்ததுதானே.

தர்மிளா எங்கிருந்து கேட்டாளோ, ஈரத் தலையோடு வந்துவிட்டாள். "அண்ணி குசினிக்க நிண்டா ஆர் படம் எடுக்கிறது? நீங்களோ சித்தி?"

"படக்காரனைப் பிடிக்கலாம் தானே."

"அண்ணான்ர கமராவை வேற ஆள் தொடேலாது. அண்ணி எனக்கு முன்னுக்கு நிக்கவேணும்."

மீனம்மாச் சித்தி சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "அப்ப என்னையும் வடிவா எடு," என்றார்.

பற்றரி பாலன் வீட்டு உழவு மெசினில் ஏறுகிறது. சிவப்பு சிவப்புக்குத்தான். இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டேன்.

சாஜுக்குப் போட முதல், பழகிப் பார்க்கத் தர்மிளாவைக் கிணற்றடியில் நிற்பாட்டினேன். அவள் அழுகிற மாதிரி நின்றாள். என்ன சொல்லுவது என்று யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

"இஞ்ச பாரும். பல்லுத் தெரியட்டும்."

சிரித்துவிட்டாள். அமத்திவிட்டேன்.